பாதி பின்னிய ரேந்தையையும் பாபின்களையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் குடிமாறுகிறீர்கள். அம்மா பின்னிக்கொண்டிருந்த ரேந்தை, அதாவது லேஸ், பாதியில், குண்டூசி குத்திப் பின்னும் தலையணையான திண்டின் மேலேயே, நூல் சுற்றிய சின்னக் குச்சிகளான பாபின்கள் 42 ஜோடியோடு நிற்கிறது. அதுபோக ஒரு பிஸ்கட் சம்படம் நிறையக் காலிப் பாபின்கள், சுமார் 150. நூல் சிக்காமல், வரிசை குலையாமல் எப்படிக் கொண்டுபோவது, போன இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

முதலில், இதை வாசித்து முடிக்கும்வரை திண்டை யாரும் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற இடத்திலேயே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அறையைப் பூட்டிவிடுங்கள். ரேந்தை பயணத்தில் கெடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கெடுவது, "கொஞ்சம் ஓரமா வைப்போம்" என்று திண்டைத் தூக்குகிற அந்த ஒரு நிமிடத்தில்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். பாபின் ரேந்தையில் மொத்தம் இரண்டே அசைவுகள்தான். ஒரு நேரத்தில் நான்கு பாபின்கள், அதாவது இரண்டு ஜோடிகள் கையில் இருக்கும். நடுவில் உள்ள இரண்டில் இடது பாபின் வலதின் மேல் தாண்டினால் அது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலது பாபின் இடதின் மேல் தாண்டினால் அது முறுக்கு. பூ, இலை, வலை, ஓரப்பல் எல்லாமே இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, நடுநடுவே குண்டூசி குத்தி வருவதுதான். ஆகவே ஒரு பாபின் தற்செயலாக உருண்டு பக்கத்துப் பாபினைத் தாண்டி விழுந்தால், நூல் வெறுமனே கலைந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. யாரும் போடாத ஒரு தையல் அங்கே விழுந்துவிட்டது. அதைச் சிக்கெடுப்பதுபோல இழுத்துச் சரிசெய்ய முடியாது. எது எதன் மேல் தாண்டியது என்று கண்டுபிடித்து, அதே வழியில் திருப்பி எடுக்க வேண்டும். 84 பாபின்களில் பத்து இப்படி இடம் மாறினால் அனுபவப்பட்ட கைக்கே ஒரு பகல் வேலை.

ஆகவே நீங்கள் காப்பாற்ற வேண்டியது பாபினின் வரிசையை. பாபின் அசையலாம், குலுங்கலாம், அதனால் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பாபினைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் பாபின் எந்த வகை என்று பாருங்கள். கட்டுகிற முறை அதைப் பொறுத்தது.

நம் தெற்குச் சீமைக்கு ரேந்தை வந்தது மிஷன் வழியாக. நாகர்கோவிலில் 1821 வாக்கில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும், அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து அங்கே அதைப் பரப்பியதும் தெரிந்த செய்தி. அப்படிக் கைமாறி வந்த பழைய சம்படங்களில் ஒரே வகைப் பாபின்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெலிந்த தண்டும் அடியில் கம்பியில் கோத்த மணிவளையமும் இருந்தால் அது இங்கிலாந்தின் நடுப்பகுதி வகை. மணிவளையத்தைச் சேர்க்காமல் அளந்தால் ஏறத்தாழ 10 செ.மீ. நீளம் இருக்கும். வளையம் அழகுக்காகப் போட்டதல்ல. அது எடை கொடுத்து நூலை இழுத்துப் பிடிக்கும், பாபின் உருளாமலும் தடுக்கும். மணியே இல்லாமல், அடி கூராக, வழவழவென்று இருந்தால் இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர் வகை. பின்னிய ரேந்தையின் கண்ணி வழியாகவே அந்தப் பாபினை நுழைத்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் அதில் எதையும் தொங்கவிடுவதில்லை. அடியில் குமிழ்போலப் பருத்திருந்தால் பெல்ஜியம் வகை. நூல் சுற்றிய பகுதிக்கு மேல் மரக்கூடு மாட்டியிருந்தால் ஜெர்மன் வகை, அழுக்குப் படாமல் இருக்க அந்தக் கூடு. மணியுள்ளது, மணியில்லாதது என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் நம் காரியத்துக்குப் போதும்.

இன்னொரு விஷயத்தையும் கிட்டே போய்ப் பாருங்கள், பாபினின் கழுத்தை. சுற்றிய நூல் மேலே வந்து, தலைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒரு சுருக்கு மாட்டி, அதற்குப் பிறகுதான் ரேந்தைக்குப் போகும். அந்தச் சுருக்குத்தான் பூட்டு. பாபினை நூலோடு நேர்கோட்டில் தொங்கவிட்டால் சுருக்கு இறுகி, நூல் இறங்காது. பாபினை நூலுக்குக் குறுக்காக, படுக்கைவாட்டில் பிடித்து விரலால் உருட்டினால் நூல் தானாக இறங்கி நீளும். பின்னும்போது நூல் வேண்டுமென்றால் நாமே செய்கிற வேலை இது. பையில் கிடக்கும் பாபின் குறுக்காகத் திரும்பி உருண்டாலும் இதேதான் நடக்கும். ஊர் போய்ச் சேர்ந்து திறக்கும்போது சில நூல்கள் ஒரு சாண் நீண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். எனவே இரண்டாவது விதி: பாபின் எப்போதும் தன் நூல் போகும் திசையிலேயே கிடக்க வேண்டும். சுருக்கு ஒன்றாக இருந்தால் பருத்தி நூலுக்குப் போதும். பட்டு, செயற்கை நூல், வழுக்கும் லினன் என்றால் பயணத்துக்கு முன் எல்லாப் பாபினிலும் இரட்டைச் சுருக்காக மாற்றிவிடுங்கள். ஒரு பாபினை மெல்லத் தொங்கவிட்டுப் பார்த்தால் நூல் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு சுருக்கு மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால், அது எதிர்த்திசையில் போடப்பட்டிருக்கும். கழற்றி மறுபக்கம் திருப்பி மாட்டுங்கள்.

இப்போது 42 ஜோடியைக் கட்டுகிற வேலைக்கு வருவோம். பாவாடை நாடா, ஒரு செ.மீ. அகலத்தில், பருத்தியில் வாங்கிக்கொள்ளுங்கள். வழுவழுப்பான நைலான் நாடா வேண்டாம், முடிச்சு நிற்காது. மணியுள்ள பாபின் என்றால் 6 மீட்டர், மணியில்லாதது என்றால் 12 மீட்டர். மணியுள்ளதற்குக் கூடுதலாக, ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கண்ணிகளை நிறுத்திவைக்கும் நீளமான ஊக்கு ஏழு. அது கிடைக்காவிட்டால் கடையில் இருப்பதிலேயே பெரிய ஊக்கு வாங்குங்கள். தலையில் மணி வைத்த நீளக் குண்டூசி முப்பது. பழைய பருத்தி வேட்டி ஒன்று, துவைத்துக் கஞ்சி போடாதது. இவ்வளவும் ஆயத்தமான பிறகு உட்காருங்கள். அவசரமில்லாமல் செய்தால் ஒரு மணி நேரத்து வேலை, இடையில் எழுந்து போகக் கூடாது.

ரேந்தை வரிசையின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னத் தெரிந்தவர் அருகில் இருந்தால் அந்த வரிசையை முடித்து, கடைசிக் குண்டூசியைத் தையல் போட்டு மூடி நிறுத்தச் சொல்லுங்கள். தெரிந்தவர் இல்லாவிட்டால் இருக்கிறபடியே விடுங்கள், ஊகித்துப் பின்ன வேண்டாம். போனில் மேலிருந்து நேராக ஒரு படமும், ரேந்தையின் முன்விளிம்பைக் கிட்டத்தில் இரண்டு மூன்று படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசையில் ஏதாவது சந்தேகம் வந்தால் இந்தப் படங்களைப் பார்த்தே தீர்க்கலாம்.

பாபின்களை இடமிருந்து வலமாக விசிறிபோலப் பரப்புங்கள். 12 பாபினுக்கு ஒரு கட்டு, அதாவது ஆறு ஜோடி. 84 பாபினுக்குச் சரியாக ஏழு கட்டுகள் வரும். ஒரு கட்டில் 16, 20 என்று ஏற்றினால் நடுவில் உள்ளவை இறுக்கமில்லாமல் நழுவும். எட்டுக்குக் கீழே குறைத்தால் கட்டுகளின் எண்ணிக்கை கூடி, கட்டுகளே ஒன்றோடொன்று புரண்டுவிடும்.

கட்டும் முறை ஓலைத் தட்டி கட்டுவதுபோலத்தான். 80 செ.மீ. நாடாவை இரண்டாக மடியுங்கள். மடிப்பை முதல் பாபினின் தண்டில் மாட்டினால் ஒரு நுனி மேலே, ஒரு நுனி கீழே இருக்கும். இரண்டு நுனிகளையும் அந்தப் பாபினுக்கும் அடுத்த பாபினுக்கும் நடுவில் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்: மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. அடுத்த பாபின் நடுவில் வரும். மறுபடி மாற்றம். இப்படிப் பன்னிரண்டாவதுவரை போய், கடைசியில் உருவுமுடிச்சு. பாபினுக்குப் பாபின் நடுவில் விழும் அந்த ஒரு மாற்றம்தான் தடுப்புச்சுவர். வெறுமனே மேலும் கீழும் நாடாவைப் போட்டு இழுத்துக் கட்டினால் ஓரத்தில் இறுக்கமாகத் தெரியும், ஆனால் நடுவில் பாபின் பாபினைத் தாண்டும்.

நாடா எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது முக்கியம். நூல் சுற்றியிருக்கும் பகுதிக்குக் கீழே, மரம் தெரியும் தண்டில் விழ வேண்டும். நூலின் மேல் கட்டினால் சுற்று நசுங்கி, அடியில் இருக்கும் நூல் மேல்சுற்றுகளுக்கு இடையே புதைந்துவிடும். பிறகு பின்னும்போது நூல் இறங்காமல் இழுபட்டு அறும். கழுத்தில் கட்டினால் சுருக்கு நழுவும். மணியுள்ள பாபினுக்குத் தண்டில் ஒரு நாடா வரிசையும், அடியில் மணிவளையங்கள் வழியாக ஓர் ஊக்கும் போதும். வளையத்தில் ஊக்கை ஏற்றும்போது வரிசையைத் தவறவிடாமல், முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்துப் போங்கள். மணியில்லாததற்குத் தண்டின் மேற்பாதியில் ஒன்று, அடிப்பாதியில் ஒன்று என்று இரண்டு நாடா வரிசைகள். ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் பாபின் அந்த இடத்தை அச்சாக வைத்துத் திரும்பிக் குறுக்காகிவிடும். இரண்டு இடத்தில் பிடித்தால் திரும்ப வழியில்லை.

ரப்பர் பேண்டை இந்த வேலைக்கு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது சில மாதங்களில் இளகி, மரத்திலும் நூலிலும் பசையாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை நூலில் பட்ட அந்தப் பழுப்பு போகவே போகாது. வெல்க்ரோவும் வேண்டாம். அதன் கொக்கிப் பக்கம் ரேந்தையில் ஒரு தடவை உரசினால் போதும்.

ஒரு கட்டு முடிந்ததும் அதை ரேந்தையை நோக்கி ஒரு செ.மீ. அளவு தள்ளுங்கள். நூல் லேசாகத் தளர வேண்டும். விறைப்பாக இருந்தால் பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் பாபினின் எடை நேரே ஓரக் குண்டூசிகளில் இறங்கும். அவை உள்பக்கம் சாய்ந்து ரேந்தையின் ஓரம் சுருங்கும். அதைவிட அதிகமாகத் தளர்த்தினால் நூல் வளையமாகி அடுத்த குண்டூசித் தலையில் மாட்டும். தள்ளிய கட்டை அங்கேயே நிறுத்த, நாடாவின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நீளக் குண்டூசியைத் திண்டில் குத்துங்கள். ஊசி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்க உள்ளே இறுகும். நேராகக் குத்தினால் குலுங்கலில் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்துவிடும். எண் எழுதிய சின்னத் துணித்துண்டு ஒன்றை ஒவ்வொரு கட்டிலும் அந்த ஊசியிலேயே மாட்டிவிடுங்கள். இடது கோடியில் 1, வலது கோடியில் 7.

ஏழு கட்டுகளும் விரிந்து கிடந்தால் திண்டில் இடம் போதாது. 3, 4, 5 ஆகிய மூன்றும் தத்தம் இடத்திலேயே இருக்கட்டும். அவற்றின் மேல் வேட்டித்துணி ஒரு மடிப்புப் போடுங்கள். இரண்டாவது கட்டின் ஊசிகளை எடுத்து, கட்டை அப்படியே வலப்பக்கம் நகர்த்தி மூன்றாவதின் மேல் வையுங்கள், ஊசி குத்துங்கள். மேலே துணி. அதன் மேல் ஒன்றாவது கட்டு. அதேபோல் வலப்பக்கத்தில் ஐந்தின் மேல் ஆறு, ஆறின் மேல் ஏழு. நகர்த்தும்போது கட்டைப் புரட்டாதீர்கள். புரட்டினால் கட்டுக்கு மேலே உள்ள பன்னிரண்டு நூலும் ஒட்டுமொத்தமாக ஒரு முறுக்கு விழும். போய்ச் சேர்ந்த பிறகு பிரிக்கும் வரிசை இதற்கு நேர் எதிர்: கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.

இனி ரேந்தைக்குப் பாதுகாப்பு. குண்டூசிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு அமுக்குங்கள். முழுதாக அமுக்கினால் தலை நூலை நசுக்கும். அதற்கு மேல், ஸ்வீட் கடை அட்டைப்பெட்டியின் ஆழமில்லாத மூடியைக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் ஊசியால் நிறுத்துங்கள். யாராவது மேலே கையை ஊன்றினாலும் ரேந்தையின் குண்டூசி வளையாது. கடைசியில் வேட்டியை நீளமாக மடித்துத் திண்டைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நாடாவால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் திணித்து வாயைக் கட்ட வேண்டாம். உருளைத் திண்டானாலும் தட்டைத் திண்டானாலும், உள்ளே வைக்கோலோ மரத்தூளோ எதை அடைத்திருந்தாலும், அதில் கொஞ்சம் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மூடிய பிளாஸ்டிக்கில் அது வேர்த்து, இரும்புக் குண்டூசியைத் துருவாக்கும். துருக்கறை நூலில் ஏறிவிட்டால் எடுப்பது மிகவும் கஷ்டம். ரேந்தைக்குப் பித்தளை ஊசியும் நிக்கல் பூசிய பித்தளை ஊசியும்தான் வழக்கம் என்பதற்கு இதுவே காரணம். காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி பலமாக ஒட்டினால் இரும்பு. பாதி வேலையில் ஊசியை மாற்ற முடியாதுதான், ஆனால் மழைக்காலம் வருமுன் அந்த ரேந்தைப் பட்டியை முடித்துவிட வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் போகிறீர்கள் என்றால் கீழ்ப்படுக்கை பதிவுசெய்துகொண்டு, திண்டைப் படுக்கையில் சுவர் ஓரமாக, தலைமாட்டில், ரேந்தை மேலே பார்க்கும்படி படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். இருக்கைக்கு அடியில் தரையில் தண்ணீர் ஓடும். பஸ்ஸாக இருந்தால் மேல்தட்டு வேண்டாம், திருப்பத்தில் சறுக்கி விழும். மடியில்தான் வைக்க வேண்டும். சாமான் லாரியில் மட்டும் ஏற்றாதீர்கள். எடை குறைவான பொருள் என்று யாராவது அதை மூட்டைகளுக்கு மேலே வைப்பார்கள், சாலையில் அதுதான் முதலில் உருளும்.

போய்ச் சேர்ந்த அன்றே பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு கட்டு மட்டும். நாடாவை அவிழ்த்து, 12 பாபினையும் பரப்பி, நூல்களை விரலால் தடவி, ஒன்றை ஒன்று தாண்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கட்டைத் தொட வேண்டும். எங்காவது சிக்கல் தெரிந்தால் பாபின் பக்கத்திலிருந்து இழுக்காதீர்கள். கடைசியாக மூடிய குண்டூசியிலிருந்து நூலைப் பின்தொடர்ந்து கீழே வாருங்கள். நூல் அறுந்திருந்தால் அதே தடிமனில் புது நூல் சுற்றிய பாபினை ரேந்தைக்குப் பின்னால் ஓர் ஊசியில் தொங்கவிட்டு, பழைய நூலையும் புது நூலையும் சேர்த்து ஒன்றாகப் பாவித்து ஒன்றிரண்டு செ.மீ. பின்னி, பிறகு பழையதை விட்டுவிடலாம். சேர்த்துப் பின்னும் அளவுக்குப் பழைய நூலில் நீளம் மிஞ்சியிருக்க வேண்டும். ரேந்தையை ஒட்டியே அறுந்திருந்தால் அந்த நீளம் கிடைக்கும்வரை பின்னியதைப் பிரித்தாக வேண்டும். முடிச்சுப் போட்டு ஒட்டவைக்க முயன்றால் அந்த இடம் கண்ணுக்கு முள்ளாகத் தெரியும்.

சம்படத்தில் இருக்கும் 150 காலிப் பாபின்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனாலும் சம்படத்தில் அப்படியே போட்டுக் குலுக்கிக்கொண்டு போவது தவறு. மணிக்கம்பிகள் ஒன்றோடொன்று மாட்டி வளையும். பழைய கண்ணாடிமணி தகரத்தில் இடித்தால் விளிம்பு பெயரும். எலும்பில் செய்த பாபின் கழுத்தில் ஒடியும். ஆங்கிலேயப் பழம் பாபின்களில் மரத்தோடு எலும்புப் பாபினும் உண்டு, உங்கள் அம்மாவின் சம்படத்திலும் இருக்கலாம். மரத்தைவிடக் கனமாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அவற்றைத் தனியே எடுத்துவையுங்கள்.

இவற்றுக்குச் சுருட்டு உறை தைப்பதுதான் நல்ல வழி. 90 செ.மீ. அகலக் காடாத்துணியில் 32 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் ஓர் உறை. ஒரு மீட்டரில் மூன்று கிடைக்கும். வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசுங்கள். காடாவில் இருக்கும் கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும், அலசாத துணி பிறகு சுருங்கவும் செய்யும். மேலும் கீழும் ஒரு செ.மீ. மடித்துத் தைத்தபின் 30 செ.மீ. மிஞ்சும். கீழிருந்து 7 செ.மீ. மேலே மடித்தால் பை. அடுத்த 14 செ.மீ. முதுகுப் பகுதி, இதன் கீழ்ப்பாதிதான் பைக்குப் பின்னால் வரும். கடைசி 9 செ.மீ. மேலிருந்து கவிழும் மூடி. இரண்டு ஓரத்திலும் 3 செ.மீ. விட்டு, நடுவில் 3.5 செ.மீ. இடைவெளியில் நெட்டுக்குத்தாகத் தையல் ஓட்டினால் 24 பைகள். ஒரு பைக்கு ஒரு ஜோடி. 10 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பாபின்கள் பக்கம் பக்கமாக நிற்கத் துணியில் 2.6 செ.மீ. வேண்டும், மணிவளையத்துக்கும் கை நுழைவதற்கும் மீதி. குமிழ்ப் பாபினாக இருந்தால் 4.5 செ.மீ. வையுங்கள், பைகள் குறையும், பரவாயில்லை.

150 பாபின் என்றால் 75 ஜோடி. மூன்று உறைக்கு 72 ஜோடி போக, மூன்று ஜோடி மிஞ்சும். பழுதான பாபின்கள் எப்படியும் அதற்கு மேலேயே இருக்கும். தலை உடைந்தது, கழுத்தில் கீறல் விழுந்து நூலைப் பிடிப்பது, வளைந்தது, எல்லாவற்றையும் இந்தச் சாக்கில் பிரித்துவிடுங்கள்.

வளையம் அடியில், தலை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். நூல் சுற்றி ஆயத்தமாக வைத்த ஜோடிகளுக்கும் இதே உறை போதும். அவற்றில் இரண்டு பாபினையும் இணைக்கும் நூல் ஒரு சாணுக்கு மேல் தொங்கக் கூடாது. அந்தத் துண்டை ஒரு சின்ன அட்டையில் சுற்றி, அட்டையில் நூலின் பெயர், எண், பாபின் ஒன்றுக்குச் சுற்றிய மீட்டர், தேதி எழுதிப் பைக்குள் செருகுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து 60ஆம் எண் நூலா 80ஆம் எண்ணா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டர்க்கி டவல், பிளீஸ் மாதிரிக் கண்ணியும் மயிரும் உள்ள துணியில் உறை தைக்காதீர்கள். சாயத்துணியும் ஆகாது. சிவப்பு உறைக்குள் ஈரம் பட்டால் எலும்பும் வெள்ளை நூலும் ரோஸ் நிறமாகும்.

உறையைச் சுருட்டும்போது உள்ளே ஒரு விறைப்பு இருந்தால் பாபின்கள் மடங்காமல் இணையாக நிற்கும். இதற்கு நம்மூரிலேயே அருமையான பொருள் இருக்கிறது. பத்தமடைக் கோரைப்பாயில் சின்னத் தடுக்கு ஒன்றை எடுத்து உறைக்கு வெளிச்சுற்றாக வையுங்கள். பாய் ஒரு பக்கமாகத்தான் சுருளும். கோரை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் பாபினும் கிடக்க வேண்டும். மாற்றி வைத்தால் கோரை ஒடியும். கோரை முனைகளில் நூல் மாட்டும் என்பதால் பாய் நேராகப் பாபினைத் தொடக் கூடாது, துணி உறை நடுவில் இருந்தே ஆக வேண்டும். சுருட்டியதை நாடாவால் இரண்டு இடத்தில் கட்டி, ஒரு நார்ப்பெட்டியிலோ மணப்பாட்டு ஓலைப்பெட்டியிலோ நிறுத்தி வைத்தால் காற்றும் போகும், இடியும் படாது. ஓலைப்பெட்டிக்கு உள்ளே துணி விரித்துக்கொள்ளுங்கள், ஓலை விளிம்பு பிளேடு மாதிரி.

பஞ்சுமெத்தை போல ஸ்பாஞ்சு வெட்டி, குழி போட்டு, பாபினைப் பதித்து வைக்கும் பெட்டிகள் பார்க்க நன்றாக இருக்கும். நீண்ட நாள் வைப்புக்கு அது ஆகாது. ஸ்பாஞ்சு சில வருடங்களில் மஞ்சளித்து உதிர்ந்து, பிசுபிசுவென்று மரத்தில் ஒட்டும்.

இனி ஈரமும் பூச்சியும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடிச் சாரல். பாளையங்கோட்டைக்கும் சென்னைக்கும் ஐப்பசி கார்த்திகை மழை. இடையன்குடி, உவரி மாதிரிக் கடலோரத்திலும் நீங்கள் போகிற சென்னையிலும் வருடம் பூராவும் உப்புக்காற்று. மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காய்ந்து சுருங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மெல்லிய பாபின் வளைகிறது. அதனால் சமையலறைச் சுவர், குளியலறைச் சுவர், வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் இவற்றை ஒட்டிய அலமாரி வேண்டாம். மணிக்கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் கம்பியையே மாற்றுங்கள். களிம்பு நூலிலும் ஏறும், கம்பியும் அந்த இடத்தில் சீக்கிரம் அறும். மணிகளைக் கழற்றும்போது அவை கோத்திருந்த வரிசையிலேயே நூலில் மாற்றிக்கொண்டு, புதுப் பித்தளைக் கம்பியில் அப்படியே ஏற்றுங்கள்.

பாபினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. விட்டுவிடுங்கள். எண்ணெய் மரத்தில் ஊறி, மாதங்கள் கழித்துச் சிக்கு வாடையோடு நூலுக்கு வரும். உலர்ந்த வேட்டித்துணியால் அழுத்தித் துடைத்தாலே பாபின் பளபளக்கும். கைபட்டுக் கைபட்டு வரும் அந்த மெருகுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

அந்துருண்டையும் போட வேண்டாம். நாற்றம் நூலைவிட்டுப் போகாது, சிலவகைப் பிளாஸ்டிக் மணிகளையும் டப்பாக்களையும் அது இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் தனித் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கலாம், வரும் பூச்சியைத் தயங்கவைக்கும். ஏற்கெனவே மரத்துக்குள் இருக்கும் உளுப் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. உறையை உதறும்போது மாவுபோலப் பொடி விழுந்து, பாபினில் ஊசிமுனைத் துளை தெரிந்தால் அந்தப் பாபின்களை உடனே பிரியுங்கள். மரப்பாபின் மட்டும் என்றால், மணியைக் கழற்றிவிட்டு, காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டு, அறைச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் மரத்தில் வேர்க்கும். எலும்புப் பாபினை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

வைக்கும் இடம் தரையும் அல்ல, பீரோவின் அடித்தட்டும் அல்ல. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அடித்தட்டில் இருந்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பரணும் வேண்டாம், ஓட்டுச்சூட்டில் மரம் வெடிக்கும். நெஞ்சுயரத் தட்டுத்தான் சரி. பாபின் நனைந்துவிட்டால் முதலில் நூலைக் கழற்றுங்கள். ஈரநூல் மரத்தை இறுக்கிப் பிடித்துத் தழும்பு போடும். சேறு பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைக்காமல் சட்டென்று அலசி, மெல்லிய டூத்பிரஷால் கழுத்துப் பள்ளத்தைத் துடைத்து, தார்சா நிழலில் துணி விரித்து ஒன்றை ஒன்று தொடாமல் பரப்புங்கள். நான்கைந்து நாள், தினம் ஒருதரம் உருட்டிவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து, மரநார் ஓடும் வழியிலேயே கீறிவிடும்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் எல்லா உறையையும் ஒருதரம் விரித்து, ஒரு பகல் நிழல்காற்றில் விடுங்கள். எண்ணிப் பாருங்கள், ஜோடி தப்பியிருக்கிறதா என்று பாருங்கள், நைந்த நாடாவை மாற்றுங்கள். திண்டில் நிற்கும் அம்மாவின் பட்டியையும் அன்றைக்கே திறந்து, ஊசித் தலைகளில் பழுப்பு தட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றில் தட்டியிருந்தாலும் அதைத் தொடர்ந்து பின்னி முடிக்கத் தெரிந்த ஒருவரை அந்த மாதத்துக்குள்ளேயே தேடிப் பிடியுங்கள்.